ஒட்டியதெல்லாம் உறுதியல்ல

"புஷ் ஃபிட் எல்லாம் நிக்காது சார். சொல்யூஷன் போட்டு ஒட்டினாத்தான் காலத்துக்கும் நிக்கும்."

புதுச்சேரியின் சேதராப்பட்டில் வீடு கட்டும் எவர் காதிலும் இந்த வாக்கியம் விழாமல் போகாது. பிளம்பர் சொல்வார், மேஸ்திரி சொல்வார், ஹார்டுவேர் கடையில் பில் போடும் பையன் சொல்வான். கடைசியில் வீட்டுக்காரரே தன் சொந்த அனுபவம்போல அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிடுவார். மயிலம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் வானூர் வட்டம், தமிழ்நாடு. எல்லை தாண்டினால் எத்தனையோ மாறுகின்றன. இந்தத் தீர்ப்பு மாறுவதில்லை.

இந்தத் தீர்ப்பு தவறானது. இதை நம்பி நாம் கட்டிய சுவர்களை நாமே இடிக்கிறோம். நிலத்தடியிலிருந்து இறைத்த தண்ணீரைச் செங்கல்லுக்குக் குடிக்கக் கொடுக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பின் வழக்கை முதலில் குறைக்காமல் வைத்துவிடுகிறேன். புஷ் ஃபிட் என்பது அழுத்திச் செருகும் இணைப்பு. எல்போ, டீ, காலர் எதுவாக இருந்தாலும் அதன் வாய்க்குள் குழாயை அழுத்தினால், துருப்பிடிக்காத எஃகில் செய்த பல்வளையம் ஒன்று குழாயின் வெளிப்புறத்தைக் கவ்விக்கொள்ளும். அதைத் தாண்டி உள்ளே இருக்கும் ரப்பர் ஓ-ரிங் குழாயைச் சுற்றி இறுகி நீரை நிறுத்தும். பசை இல்லை, மரை இல்லை, நெருப்பு இல்லை. வாயில் உள்ள வளையத்தை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு இழுத்தால் குழாய் கழன்று வந்துவிடும்.

"கழன்று வருவதை எப்படி நம்புவது?" என்பது எதிர்ப்பவர்களின் முதல் கேள்வி. ரப்பர் என்றாவது காய்ந்து வெடிக்கும் என்கிறார்கள். ஒட்டிய சி.பி.வி.சி. இணைப்பில் குழாயும் எல்போவும் கரைந்து ஒரே பிளாஸ்டிக் ஆகிவிடுகின்றன, அதற்கு இணை ஏது என்று கேட்கிறார்கள். சுவருக்குள் போகும் லைனில் கழற்றும் இணைப்பு வைப்பது தற்கொலைக்குச் சமம் என்கிறார்கள். கற்றுக்குட்டிகூடச் செருகிவிடலாம் என்றால் வேலையின் தரம் என்ன ஆகும், விலையோ பல மடங்கு என்றும் சொல்கிறார்கள். இவற்றில் எதையும் அவர்கள் வம்புக்காகச் சொல்லவில்லை. அவர்களில் பலர் என்னைவிட அதிகமாகக் குழாய் வெட்டிய கைகள். ஆனாலும் அவர்கள் சொல்வது தவறு.

நான் 22 ஆண்டுகள் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். என் மறுப்பை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. நிற்காது என்றால், எந்த அழுத்தத்தில்?

எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குக் காற்று கொண்டுபோனவை சுண்டுவிரல் தடிமனுள்ள நீலநிற பி.யூ. டியூபுகள். கம்ப்ரெசரிலிருந்து வரும் காற்று 6 பார், 7 பார் அழுத்தத்தில் இரவும் பகலும் அவற்றுக்குள் நிற்கும். அந்த டியூபுகள் சிலிண்டரிலும் வால்விலும் எப்படிச் சேர்ந்திருந்தன? அழுத்திச் செருகித்தான். அதே பல்வளையம், அதே ஓ-ரிங். 'ஒன் டச்' என்று சொல்வோம். இயந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் அதிர்கிறது, சிலிண்டர் முன்னும் பின்னும் ஓடுகிறது, டியூப் ஆடிக்கொண்டே இருக்கிறது. கரசூரிலிருந்தும் துத்திப்பட்டிலிருந்தும் ஷிப்டுக்கு வந்த பிள்ளைகள் அந்த இணைப்புகளுக்கு ஒரு முழம் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். யாரும் "இது நிற்காது" என்று சொல்லி வேலைக்கு வராமல் இருந்ததில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தருவது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில், மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குளியலறைக் குழாய்க்கும் நடுவே நாலு அல்லது ஐந்து மீட்டர் இருக்கும். அதாவது அரை பார். மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் முக்கால் பார், மிஞ்சினால் ஒன்று. பிரஷர் பம்ப் வைத்திருந்தால் இரண்டோ மூன்றோ. வெளிநாடுகளில் அதிகம் விற்கும் ஷார்க்பைட் வகைப் பித்தளைப் பொருத்திகள் 200 பி.எஸ்.ஐ. வரை, அதாவது ஏறத்தாழ 14 பார் வரை தாங்கும் என்று மதிப்பிடப்பட்டவை. அரை பார் தண்ணீரைப் பார்த்து அது நிற்காது என்று சொல்பவர், எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறார்?

தொழிற்சாலை வேண்டாம் என்றால் சமையலறைக்குப் போங்கள். ஆர்.ஓ. சுத்திகரிப்பானின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கால் அங்குல வெள்ளை டியூபுகள் பம்பிலிருந்து மெம்பரேனுக்கும் மெம்பரேனிலிருந்து வடிகட்டிக்கும் போகும். பூஸ்டர் பம்ப் அந்த டியூபுக்குள் தண்ணீரை 4, 5 பாருக்குத் தள்ளுகிறது. ஒவ்வொரு முனையும் செருகியதுதான். புஷ் ஃபிட்டை நம்ப மாட்டேன் என்று சொல்லும் வீட்டில், தொட்டித் தண்ணீரைப்போல எட்டு மடங்கு, பத்து மடங்கு அழுத்தத்தில் புஷ் ஃபிட் ஓடிக்கொண்டிருக்கிறது. கழிவறையின் எஸ்.டபிள்யு.ஆர். குழாயை ரப்பர் ரிங் போட்டுத் தட்டிச் செருகியவரும் இதே பிளம்பர்தான். அது அழுத்தம் இல்லாத கழிவுநீர் லைன், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தெருவுக்கு அடியில் போகும் குடிநீர் மெயின் அழுத்தம் உள்ள லைன். டக்டைல் அயர்ன் குழாய் என்றால், ஒன்றன் வாய்க்குள் ரப்பர் கேஸ்கெட்டை வைத்து மற்றொன்றை உள்ளே தள்ளுகிறார்கள். 1950களில் அமெரிக்காவில் வந்த டைட்டன் இணைப்பு இது. அதற்கு முன்னால் வார்ப்பிரும்புக் குழாய்களில் சணல் அடைத்து, ஈயத்தை உருக்கி ஊற்றி இறுக்கினார்கள். பிளம்பர் என்ற சொல்லே ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்த உருக்கிய ஈயத்தை வேலையைவிட்டு அனுப்பியது அழுத்திச் செருகும் ரப்பர் வளையம். உலகின் பெரிய நகரங்களே அதன் மேல் நின்று தண்ணீர் குடிக்கின்றன. நம் வீட்டு அரை அங்குலக் குழாய்க்கு மட்டும் அது ஆகாதாம்.

2. 'ஒட்டினால் ஒரே குழாய்' என்பது எப்போது உண்மை?

எல்லாம் சரியாக நடந்தால் உண்மை. அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. சொல்யூஷன் வெறும் பசையன்று. குழாயின் மேல்தோலையும் எல்போவின் உள்தோலையும் அது இளக்குகிறது. இளகிய இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்து, கரைப்பான் ஆவியானதும் இறுகிவிடுகின்றன. நல்ல இணைப்பை அறுத்துப் பார்த்தால் எங்கே குழாய் முடிகிறது, எங்கே எல்போ தொடங்குகிறது என்று சொல்வது கடினம்.

அந்த 'எல்லாம் சரியாக' என்பதில் என்னென்ன அடங்கும் என்று பாருங்கள். குழாயை நேராக வெட்ட வேண்டும். ஹேக்சா பிளேடு விட்ட பிசிறைச் சுரண்ட வேண்டும். தூசியும் ஈரமும் இல்லாமல் துடைக்க வேண்டும். சி.பி.வி.சி.க்கு அதற்கான சொல்யூஷன், பி.வி.சி.க்கு அதற்கானது. குழாயிலும் எல்போவிலும் முழுச் சுற்றும் பூச வேண்டும், ஆனால் உள்ளே வழிந்து தேங்கக் கூடாது. தேங்கினால் குழாயின் சுவரையே அது தின்னும். கால் திருப்பு திருப்பிச் செருகி, பின்னால் தள்ளிக்கொண்டு வராமல் அரை நிமிடம் பிடிக்க வேண்டும். பிறகு டப்பாவில் எழுதியுள்ள நேரம்வரை தண்ணீர் விடாமல் காத்திருக்க வேண்டும்.

சித்திரை வெயிலில், கூரை போட்டு ஜன்னல் வைக்காத வீட்டில், மூடி திறந்தே கிடக்கும் டப்பாவிலிருந்து எடுத்துப் பூசும்போது சொல்யூஷனின் மேல்தோல் செருகுவதற்குள் காய்ந்துவிடுகிறது. பழைய லைனைப் பழுதுபார்க்கும்போது கதை இன்னும் மோசம். தொட்டியின் கேட் வால்வு முழுதாக மூடாது, குழாயில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். துணியைத் திணித்து, துடைத்து, அவசரமாகப் பூசி ஒட்டுவார்கள். ஈரத்தில் அந்தத் தோல் இளகாது. அழுத்திச் செருகும் இணைப்புக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் வீட்டை 2014இல் கட்டினோம். நாலாவது ஆண்டு ஐப்பசியில், குளியலறைக்குப் பின்னால் இருந்த படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியது. மழை என்று நினைத்தோம். தை வந்தும் காயவில்லை. சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, வண்ணம் அடித்தோம். ஆறு மாதத்தில் உப்புப் பூத்து உதிர்ந்தது. மறுபடி அடித்தோம். என் மனைவிக்கு அந்த அறையில் படுத்தால் இருமல் நிற்கவில்லை. கடைசியில் குளியலறை டைல்ஸை உடைத்து, சுவருக்குள் குழாய் போகும் காடியைத் தோண்டினோம். ஐந்தாவது டைல் பெயர்ந்ததும் ஒரு எல்போ தெரிந்தது. கையால் லேசாகத் திருகினேன், கழன்று வந்துவிட்டது. உள்ளே வழவழவென்று, புதிதாக வாங்கியதுபோல இருந்தது. அதில் சொல்யூஷன் பட்டதே இல்லை.

நாலு ஆண்டு அந்த எல்போவைப் பிடித்துக்கொண்டிருந்தது எது? உள்ளே போகப்போகக் குறுகும் அதன் வாயின் இறுக்கமும், மேலே பூசிய சிமென்ட்டும். செருகியதாலேயே அது நின்றது. பல்வளையமும் இல்லாமல், ஓ-ரிங்கும் இல்லாமல்.

அந்த வேலையைச் செய்தவர் கைதேர்ந்தவர்தான். அன்றைக்கு அவர் நாற்பது, ஐம்பது இணைப்பு போட்டிருப்பார். முதலில் எல்லாவற்றையும் சொல்யூஷன் இல்லாமலே செருகி அளவு பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூசி ஒட்டுவது வழக்கம். பொழுது சாய்ந்த நேரத்தில் ஒன்று விட்டுப்போனது. அவரைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. ஐம்பதில் ஒன்று மறந்துபோவது மனித இயல்பு. மறந்துபோனதை மறுநாள் பார்க்கவே முடியாதபடி மூடிவைக்கும் முறையைத்தான் கேள்வி கேட்கிறேன். 'பிரிக்க முடியாது' என்பதையே 'உறுதி' என்று நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். பிரிக்க முடியாத இணைப்பில் தவறு நடந்தால், அந்தத் தவறையும் பிரித்துப் பார்க்க முடியாது.

3. ரப்பரைப் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது?

குக்கரிலிருந்து வந்தது. குக்கர் கேஸ்கெட் ஓரிரு ஆண்டில் விறைத்துவிடும், பிப் காக் வாஷர் அதற்கும் முன்னால் கிழியும். ரப்பர் என்றால் சாகும் பொருள் என்று நம் வீடுகள் கற்றுக்கொண்ட பாடம் இது. அந்த ரப்பர் ஏன் செத்தது என்று கேட்க வேண்டாமா? குக்கர் கேஸ்கெட் தினமும் கொதிநிலைக்கு மேல் ஏறி இறங்குகிறது. எண்ணெய் படுகிறது. தினமும் மூடி திறக்கும்போது உரசுகிறது. வாஷரை நாம் ஒவ்வொரு தடவையும் திருகி நசுக்குகிறோம். செருகிய இணைப்பின் ஓ-ரிங் இவை எதையும் அனுபவிப்பதில்லை. ஒரு தடவை இறுகியபின் அது அசையாமல், இருட்டில், தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பயன்படும் ஈ.பி.டி.எம். ரப்பர் சுடுநீரையும் குளோரினையும் தாங்குவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. பிரிட்டனில் 1980களிலிருந்து வீட்டுக் குழாய்களில் இந்த வகை இணைப்பு இருக்கிறது. ஜான் கெஸ்ட் போன்ற தயாரிப்பாளர்கள் 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். சொல்யூஷன் போட்டு ஒட்டிக்கொடுத்த எவராவது நமக்கு எழுத்தில் ஓர் ஆண்டு உத்தரவாதம் தந்திருக்கிறாரா?

நம் ஊர் உப்புத்தண்ணீரில் எஃகுப் பல்வளையம் அரித்துப்போகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. கடலோரத்தில் இருக்கும் நமக்கு அவசியமான கேள்வியும்கூட. பல்வளையம் ஓ-ரிங்குக்கு வெளிப்பக்கம், வாயை ஒட்டி இருக்கிறது. ஓ-ரிங் வேலை செய்யும்வரை தண்ணீர் அதைத் தொடுவதில்லை.

படித்த எதிர்ப்பாளர்கள் அமெரிக்காவின் பாலிபியூட்டிலீன் கதையைச் சொல்வார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் நடுப்பகுதிவரை அங்கே லட்சக்கணக்கான வீடுகளில் அந்தச் சாம்பல்நிறக் குழாய் போட்டார்கள். ஒழுகி ஒழுகி வழக்காகி, 1995இல் 95 கோடி டாலருக்கு ஒப்பந்தமாக முடிந்தது. உண்மைதான். ஆனால் அங்கே பெரும்பாலும் இருந்தவை வளையம் வைத்து நெரித்த இணைப்புகள். கெட்டது குழாயும், அசிட்டால் பிளாஸ்டிக்கில் செய்த பொருத்திகளும். தண்ணீரிலுள்ள குளோரின் அவற்றை நொறுங்க வைத்தது. 'எதனால் செய்தது, எந்தத் தண்ணீருக்கு' என்று கேட்க வேண்டும் என்பது அந்த வழக்கு தரும் பாடம். செருகும் முறைக்கு எதிரான சாட்சியம் அதில் எதுவும் இல்லை.

ரப்பருக்கு உண்மையான பகைகள் உண்டு. மொட்டைமாடியில் நேர் வெயிலில் கிடக்கும் லைனில் நான் பிளாஸ்டிக் புஷ் ஃபிட் வைக்க மாட்டேன். சோலார் ஹீட்டரிலிருந்து இறங்கும் முதல் சில அடியிலும் வைக்க மாட்டேன். யாரும் இரண்டு நாள் வெந்நீர் திறக்காவிட்டால் அங்கே சூடு எங்கே போய் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு இடமும் ஒட்டிய பிளாஸ்டிக்குக்கும் கெட்ட இடம்தான். மாடியில் வெயில் தின்று வெளுத்த பி.வி.சி. குழாய் தொட்டால் முறிவதை யார் பார்த்ததில்லை?

4. 'சுவருக்குள் வைத்துவிட்டு என்ன செய்வாய்?'

எதிர்த்தரப்பின் மிக வலுவான கேள்வி இது. என் பதில்: சுவருக்குள் எந்த இணைப்பையும் வைக்காதீர்கள். செருகியதையும் வைக்காதீர்கள், ஒட்டியதையும் வைக்காதீர்கள். சுவருக்குள் இணைப்பு வந்தே தீரும் என்ற எண்ணம் விறைப்பான குழாய் நமக்குப் பழக்கிய எண்ணம். விறைத்த குழாய் வளையாது. ஒவ்வொரு மூலையிலும் ஓர் எல்போ கேட்கும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு டீ கேட்கும். ஒரு குளியலறையின் காடிகளை எண்ணிப் பாருங்கள், சுலபமாக இருபதைத் தாண்டும். அந்த இருபதையும் சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டுத்தான் 'ஒட்டியது நிற்கும்' என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம்.

புதுச்சேரிக்காரர்களான நமக்கு இதற்கு மாற்று தெரியாமல் இருப்பது ஆச்சரியம், ஏனென்றால் நம்மில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் சொந்தம் இருக்கிறது. அங்கே பி.இ.ஆர். என்று ஒரு குழாய். குறுக்குப் பிணைப்பு செய்த பாலிஎத்திலீன். மற்ற நாடுகளில் பெக்ஸ் என்பது இதுதான். வெந்நீருக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், சுருளாக வரும், கையால் வளையும். அதைத் தரைக்குள் விடும்போது நெளிநெளியான ஓர் உறைக்குழாய்க்குள் விடுகிறார்கள். நடுவில் இணைப்பு கிடையாது. ஓர் அலமாரிக்குள் பல வாய் உள்ள ஒரு பித்தளைப் பங்கீட்டுக் குழாய் இருக்கும். செவிலித்தாய் என்று பொருள்படும் 'நூரிஸ்' என்ற சொல்லால் அதை அழைக்கிறார்கள். ஒவ்வொரு குழாய்முனைக்கும் அங்கிருந்து தனித்தனியாக, முழு நீளத்துக்கு, ஒட்டுப்போடாத ஒரே குழாய் போகிறது. இணைப்பு இரண்டு இடத்தில் மட்டும்: அலமாரியில் ஒன்று, குழாய்முனையில் ஒன்று. நடுவில் ஏதாவது ஆனால் உறைக்குள்ளிருந்து பழையதை உருவிப் புதியதை விடலாம். டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை.

முனைகளில் அவர்கள் பல வகை இணைப்பு போடுகிறார்கள், அழுத்திச் செருகுவதும் அதில் ஒன்று. எது போட்டாலும் கதவைத் திறந்தால் கண்ணில் படும். கழற்ற முடிகிற இணைப்பு அந்த இடத்தில் பலவீனமே இல்லை. அதுதான் அங்கே தேவை. வாஷிங் மெஷினுக்கு இன்னொரு குழாய் வேண்டுமா? அலமாரியைத் திறந்து ஒரு வாயில் செருகிக்கொள்ளலாம். நம் வீட்டில் அதற்குச் சுவரை வெட்டுகிறோம்.

கசிவைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு, சொட்டுக்குக் கால் மில்லி. ஒரு நாளில் 86,400 நொடி. 21 லிட்டருக்கு மேல். கடையில் காசு கொடுத்து வாங்கும் கேன் ஒன்று நாள்தோறும் சுவருக்குள் போகிறது. என் வீட்டில் அப்படி எத்தனை மாதம் போயிற்று என்று நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. புதுச்சேரி குடிப்பது நிலத்தடி நீரை. கடலோரத்தில் அந்த நீருக்குள் உப்பு ஏறிவருவதை நாம் நாக்கால் உணர்கிறோம். 2021இலேயே கிராமப்புற வீடுகள் எல்லாவற்றுக்கும் குழாய் இணைப்பு கொடுத்துவிட்டதாக இந்த ஒன்றியப் பிரதேசம் அறிவித்தது. நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பிய ஆயி மண்டபத்தைப் பூங்காவின் நடுவே வைத்துப் போற்றுகிற ஊர் இது. அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் கடைசி முப்பது அடியில், நம் சொந்தச் சுவருக்குள் வீணாகிறது.

5. 'யார் வேண்டுமானாலும் செருகிவிடலாம்'

இது உண்மையாக இருந்தால் நான் இன்னும் மகிழ்வேன். உண்மை அப்படியில்லை. செருகும் இணைப்புக்கும் கை வேண்டும், கண் வேண்டும்.

குழாயை அதற்கான கத்தரியால் நேராக வெட்ட வேண்டும். பிசிறு இருந்தால் ஓ-ரிங்கைக் கீறிவிடும், பிறகு எத்தனை பார் மதிப்பீடு இருந்தும் பயனில்லை. வெளிப்புறத்தில் கீறல் விழுந்த குழாயும் ஆகாது. மென்மையான குழாயின் வாய்க்குள் தாங்குகுழல் வைக்க வேண்டும், இல்லையென்றால் குழாய் நசுங்கி வட்டம் கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஆழம். அரை அங்குலக் குழாய் ஏறத்தாழ ஓர் அங்குலம் உள்ளே போக வேண்டும். அரைகுறையாகச் செருகியது ஓ-ரிங்கின் விளிம்பை மட்டும் தொட்டு, சில நாள் ஒழுகாமல் நின்று, ஒரு நாள் பம்ப் போடும்போது பிடுங்கிக்கொள்ளும். எதிர்ப்பவர்கள் பார்த்த 'பிடுங்கிக்கொண்ட' இணைப்புகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையாகவே இருக்கும். இதற்கு மருந்து ஒரு பேனா. செருகுவதற்கு முன் ஆழத்தை அளந்து குழாயில் கோடு போடுங்கள். செருகியபின் கோடு வாயோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரே டார்ச் அடித்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். ஒட்டிய எல்போவின் உள்ளே நடந்ததை இப்படிப் பார்க்க முடியுமா?

இன்னும் பெரிய சிக்கல் அளவு. நம் கடைகளில் 'அரை இஞ்ச்' என்ற ஒரே பெயரில் விற்பவற்றின் வெளிவிட்டம் ஒன்றல்ல. சி.பி.வி.சி. 15.9 மி.மீ.; ஐ.எஸ். 4985படி வரும் பி.வி.சி. 20 மி.மீ.; அமெரிக்க அளவில் வரும் யு.பி.வி.சி. 21.3 மி.மீ. கூட்டுக்குழாய் என்றால் 16 மி.மீ. பிரிட்டிஷ் பொருத்திகள் 15 மி.மீ. குழாய்க்கானவை. ஒட்டும் வேலையில் கொஞ்சம் தளர்வைச் சொல்யூஷன் மன்னித்துவிடும், ஓ-ரிங் மன்னிக்காது. இணையத்தில் பார்த்து வாங்கிய 15 மி.மீ. பொருத்தியைச் சி.பி.வி.சி.யில் அடித்து ஏற்றிவிட்டு, 'பார்த்தீங்களா, ஒழுகுது' என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். குழாயும் பொருத்தியும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை.

இத்தனையும் தெரிந்தவருக்குப் பெயர்தான் பிளம்பர். அளவு அறிதல், சாய்வு பார்த்தல், அழுத்தம் கணித்தல், எந்த வால்வை எங்கே வைத்தால் முழு வீட்டையும் நிறுத்தாமல் ஒரு குழாயை மட்டும் நிறுத்தலாம் என்று திட்டமிடுதல். இவைதாம் அந்தத் தொழிலின் அறிவு. தூரிகையால் சொல்யூஷன் பூசுவதிலேயே அந்த அறிவு முழுவதும் இருப்பதாகப் பேசுவது, அந்தத் தொழிலாளிக்கே இழுக்கு. மூடிய குளியலறையில் நாள் முழுதும் அந்த ஆவியை மூச்சில் இழுத்துத் தலைவலியோடு வீடு திரும்புபவரும் அவர்தான். அவருடைய நுரையீரலைப் பற்றி 'ஒட்டினால்தான் உறுதி' என்பவர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

6. விலை

ஆம், ஒரு புஷ் ஃபிட் எல்போவின் விலைக்கு ஒட்டும் எல்போக்கள் பல வாங்கலாம். ஆனால் எண்ணிக்கையை எண்ணாமல் விலையை மட்டும் ஒப்பிடுவது கணக்காகாது. வளையும் குழாயை முழு நீளத்துக்கு விட்டால் இருபது இணைப்பு இருந்த இடத்தில் ஏழோ எட்டோ போதும். அடுத்து, என் வீட்டில் சொல்யூஷன் படாத அந்த ஒற்றை எல்போவுக்காக நாங்கள் செலவழித்ததை எழுதிப் பார்த்தேன். இரண்டு தடவை வண்ணம், டைல்ஸ், கொத்தனார் கூலி, பிளம்பர் கூலி. பழைய டைல்ஸின் நிறம் கடையில் கிடைக்காததால் சுவர் முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பணத்தில் வீடு முழுவதற்கும் பித்தளைப் புஷ் ஃபிட் வாங்கியிருப்பேன்.

கடையில் கிடைப்பதில்லை என்பது உண்மை. புதுச்சேரியில் நாலு கடை ஏறி இறங்கினேன், ஆர்.ஓ. பொருத்திகள்தான் இருந்தன. கேட்பார் இல்லை என்று கடைக்காரர் சொல்கிறார். கடையில் இல்லை என்று பிளம்பர் சொல்கிறார். வீட்டுக்காரர் கேட்காதவரை இந்தச் சுற்று ஓயாது.

எங்கள் தெருவில் இரண்டு மனை தள்ளி ஒரு வீடு எழும்புகிறது. போன வாரம் காடி எடுத்து முடித்தார்கள். வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கும் இளைஞர். நேற்று அவரைக் கூட்டிப்போய் என் அலமாரியில் வைத்திருக்கும் அந்த எல்போவைக் கையில் கொடுத்தேன். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "இதுவாண்ணே நாலு வருஷம் நின்னது?" என்று கேட்டார். இன்று காலை அவருடைய பிளம்பரும் வந்து பார்த்தார். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பூச்சு வேலையை நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு, குளியலறைக்கு வெளியே படிக்கட்டுக்கு அடியில் ஓர் அலமாரி வருமா என்று டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தார்.